இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: வயதானவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பது ஒன்றரை மணி நேர வேலை. பெரியவர் மறுபடி தன் காலில் நடந்து கழிப்பறைக்குப் போவாரா, வாசலில் போய் உட்காருவாரா என்பதை அதற்கு முந்தைய சில வாரங்களும் பிந்தைய மூன்று மாதங்களும்தான் முடிவு செய்கின்றன. நாற்காலியின் உயரம், தட்டில் விழும் சாப்பாடு, மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது எல்லாம் இதில் சேரும். மருத்துவர் உங்களுக்கென்று தனியாகச் சொன்னது எதுவாக இருந்தாலும் அதற்கே முதலிடம்.

இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

தொடை எலும்பின் உச்சியில் பந்து போன்ற தலை ஒன்று இருக்கிறது. அது இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் சுழல்வதுதான் இடுப்பு மூட்டு. இந்த மூட்டு கெட்டால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். முதுகின் கீழே, பெல்ட் கட்டும் இடத்தில் வருகிற வலி அநேகமாக முதுகெலும்பு சார்ந்தது. சிலருக்கு இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் போய்த் தெரியும். அவர்கள் மாதக்கணக்கில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து, முழங்காலையே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருப்பார்கள். கால் விரல் நகம் வெட்ட முடியவில்லை, சம்மணம் போட முடியவில்லை, செருப்பை மாட்டக் குனிய முடியவில்லை என்றால் இடுப்பு மூட்டையும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்?

எக்ஸ்ரே மட்டும் அதை முடிவு செய்வதில்லை. தெருமுனை வரை நடக்க முடியவில்லை, ராத்திரி வலியில் தூக்கம் கலைகிறது, தினமும் வலி மாத்திரை இல்லாமல் பொழுது போகவில்லை என்ற நிலை வந்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயதானவர்களுக்குச் சிறுநீரகம் கெடும், வயிற்றில் புண் வரும். “முடிந்தவரை தள்ளிப்போடுவோம்” என்று வருடக்கணக்கில் இழுத்தால் தொடையும் பிட்டமும் சூம்பிப்போகும். சூம்பிய தசையோடு ஆபரேஷனுக்குப் போனவர் மீண்டும் நடைக்கு வர அதிக நாள் எடுக்கும்.

பாத்ரூமில் விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்கிறார்கள். இதற்கும் இதே சிகிச்சையா?

சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான், அவசரம் வேறு. விழுந்த பெரியவரால் எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்றால் தொடை எலும்பு மேல்பகுதியில் முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலை இழுக்காதீர்கள், நீவாதீர்கள், நிற்க வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு கால்களுக்கு நடுவே தலையணை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழையுங்கள்.

தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகினால், எலும்புத் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் பெரும்பாலும் அறுந்துபோகும். கட்டுப் போட்டு அதைச் சேர்க்க முடியாது. நாட்டுக் கட்டு, புத்தூர் கட்டு என்று போய்வரும் நாட்களில் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும். பெரியவரின் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். உடல்நிலை இடம் கொடுத்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும்.

ஏற்கெனவே வீட்டுக்குள் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தவருக்குப் பந்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று போதும். கடைவீதிக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், முன்பே மூட்டுத் தேய்வு உள்ளவர் என்றால் பந்தையும் குழியையும் சேர்த்து மாற்றுவார்கள். முறிவு கழுத்துக்குக் கீழே இருந்தால் மூட்டை மாற்றாமல் கம்பியோ தகடோ வைத்து இணைப்பார்கள்.

வயது 85. இனிமேல் எதற்கு ஆபரேஷன் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

முறிந்த எலும்போடு படுக்க வைத்தால், ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் அவர் வலியில் கத்துவார். புரட்டிவிட முடியாததால் படுக்கைப் புண் வரும். அவர் இனி நடக்கவே மாட்டார் என்று வைத்துக்கொண்டாலும், வலியில்லாமல் திரும்பிப் படுக்கவும் நாற்காலியில் உட்காரவும் ஆபரேஷன் உதவும். இதயம், நுரையீரல் மிக மோசமான நிலையில் உள்ள சிலருக்கு மட்டுமே மருத்துவரும் குடும்பமும் பேசி வேறு முடிவுக்கு வர வேண்டியிருக்கும். வயதின் எண்ணிக்கை மட்டும் தடையாகாது.

இனி வரும் பதில்கள் பெரும்பாலும் தேய்மானத்துக்காகத் தேதி குறித்துச் செய்துகொள்பவர்களுக்கு. முறிவுக்காகச் செய்தவர்களுக்கும் வீட்டுக்கு வந்த பிறகானவை எல்லாம் பொருந்தும்.

ஆபரேஷனுக்கு முன்னால் என்னென்ன பரிசோதனை?

ரத்த அணு எண்ணிக்கை, சுகர், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சோடியம், பொட்டாசியம், சிறுநீர், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, எக்கோ (இதய ஸ்கேன்) ஆகியவை வழக்கமானவை. இவற்றில் வீட்டார் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஹீமோகுளோபின். நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு அது 10-ஐ ஒட்டியே இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆபரேஷனில் ரத்தம் போகும் என்பதால், 4 முதல் 6 வாரம் முன்னதாகவே காரணம் கண்டுபிடித்து இரும்புச் சத்து ஏற்றிக்கொண்டால் ரத்தம் ஏற்றும் தேவை குறையும். இன்னொன்று மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c). அது 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் புண்ணில் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அவசரமில்லாத ஆபரேஷனைச் சில வாரம் தள்ளிவைத்துச் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவது நல்லது.

சொத்தைப் பல், பித்தவெடிப்பு, கால் விரல் இடுக்கில் சேற்றுப் புண், அக்குளில் கட்டி, சிறுநீரில் எரிச்சல் எதுவும் சின்ன விஷயமில்லை. அங்கிருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய்க் குடியேறும். முன்கூட்டியே சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் செய்யும் காலை வீட்டில் சவரம் செய்ய வேண்டாம். பிளேடு கீறும் கண்ணுக்குத் தெரியாத வெட்டுக்களில் கிருமி சேரும்.

எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள். பொதுவான நடைமுறை இது: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் குளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாள் முன்பும், வார்ஃபரின் 5 நாள் முன்பும், அபிக்சபான், ரிவராக்சபான் 2 முதல் 3 நாள் முன்பும் நிறுத்தப்படும். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் குளோபிடோக்ரெலைத் தொடவே கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் சுகர் அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை ஆபரேஷன் அன்று காலை வேண்டாம். பிபிக்கும் இதயத்துக்கும் சாப்பிடும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகள், தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை இவற்றை அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரோடு சாப்பிட வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர் அதைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

சித்த மருந்து, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, மஞ்சள் மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை அவற்றில் உண்டு. பீடி, சிகரெட், புகையிலை குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிற்க வேண்டும்.

முந்தைய நாளும் அன்று காலையும் என்ன செய்ய வேண்டும்?

திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பு முடிய வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் கலந்த காபி சாப்பாட்டுக் கணக்கில் சேரும். “ஒரு வாய் காபிதானே” என்று அதிகாலையில் கொடுத்து, தேதி தள்ளிப்போன ஆபரேஷன்கள் நிறைய. நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அதனால் தவறாகக் காட்டலாம். நகைகளைக் கழற்றச் சொல்வார்கள், மின்சாரக் கத்தி பயன்படுத்துவதால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற அம்மாவுக்கு மனம் வராது என்றால், முதல் நாளே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வாருங்கள். பொய்ப்பல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கையில் வைத்திருங்கள். தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் உடனே தேவைப்படும்.

வீட்டை எப்படித் தயார் செய்வது?

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று சாயங்காலம் கடை கடையாக அலைந்து வாங்கும் கமோடு ஸ்டூல் பெரும்பாலும் உயரம் பொருந்தாது.

முதலில் உயரக் கணக்கு. உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அதற்கு நடுத்தர உயரம் உள்ளவருக்கு 18 முதல் 20 அங்குல உயரமுள்ள, கைப்பிடி வைத்த, உட்கார்ந்தால் அமுங்காத நாற்காலி தேவை. சோபா, ஈஸிசேர், மோடா, கயிற்றுக் கட்டில் எதுவும் ஆகாது. ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி உயரம் கூட்டுகிறார்கள். வழுவழுப்பான டைல்ஸில் அவற்றின் கால்கள் பரப்பிக்கொண்டு விரியும், ஆளைக் கீழே தள்ளும். கடினமான மர நாற்காலியின் கால்களுக்கு அடியில் குழி வெட்டிய மரக்கட்டை கொடுத்து உயர்த்துவது பாதுகாப்பு. பாயில் படுப்பவருக்கு இனி கட்டில்தான். கட்டிலின் உயரமும் நாற்காலியின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது கழிப்பறை. குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியை அதன் மேல் வைக்கலாம். நான்கு கால்களும் பீங்கானுக்கு வெளியே சமதரையில் உட்கார வேண்டும். வெஸ்டர்ன் கமோடு இருந்தாலும் அது பெரும்பாலும் தாழ்வு, மேலே பொருத்தும் 4 அங்குல உயர்த்தி வேண்டும். பக்கவாட்டுச் சுவரில் துருப்பிடிக்காத கைப்பிடிக் கம்பியைத் திருகு போட்டுப் பொருத்துங்கள். உறிஞ்சும் ரப்பர் வைத்து ஒட்டும் கைப்பிடி ஆள் எடை தாங்காது. டவல் மாட்டும் கம்பியும் அப்படித்தான். வாளியையும் மக்கையும் தரையில் வைத்தால் குனிவார், ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். குளிக்கவும் கால்களில் ரப்பர் பூட்டிய, உயரம் மாற்றக்கூடிய நாற்காலி நல்லது.

மிதியடி, தரைவிரிப்பு, தரையில் ஓடும் ஒயர் எல்லாம் போக வேண்டும். நிலைப்படி உயரமாக இருந்தால் அதைத் தாண்டுவதை பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி எடுக்க வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி விளக்கு எரியட்டும். வேட்டியும் புடவையும் வாக்கரில் சிக்கும். முதல் ஆறு வாரத்துக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும் நைட்டியோ, எலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டையோ போதும். குதிகாலைப் பிடிக்கும் பட்டை உள்ள செருப்பு வேண்டும். ரப்பர் ஹவாய் செருப்பு நழுவும்.

மாடி வீடாக இருந்தால் முதல் சில வாரம் கீழ்த்தளத்திலேயே படுக்கை.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வார்கள். தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்து, குழியைச் சுரண்டிப் புதுக் கிண்ணம் பொருத்தி, தொடை எலும்பின் உள்குழலில் உலோகத் தண்டை இறக்கி, அதன் மேல் பந்தை மாட்டுவார்கள். எலும்பு உறுதியாக இருந்தால் சிமெண்ட் இல்லாமலும், எலும்பு மெலிந்த வயதானவர்களுக்குச் சிமெண்ட் வைத்தும் பொருத்துவது வழக்கம்.

அன்று மாலை அல்லது மறுநாள் காலை எழுப்பி நிற்க வைத்து நடக்க வைப்பார்கள். “நேற்றுத்தானே ஆபரேஷன், பாவம், படுத்திருக்கட்டும்” என்று வீட்டார் மறிப்பதுதான் நாங்கள் பார்க்கும் பெரிய தடை. பொருத்திய மூட்டு அன்றே எடை தாங்கும். தாங்காத சில பேருக்கு மருத்துவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். முதல் முறை எழும்போது தலை சுற்றும், அதனால் கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து பிபி பார்த்துவிட்டு நிற்க வையுங்கள். சிறுநீர்க் குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது. புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குக் குழாயை எடுத்தபின் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், மூன்று நான்கு மணி நேரம் போகவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், ஆளையே தெரியவில்லை. மூளையில் ஏதாவது ஆகிவிட்டதா?

வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வரும் குழப்பம் இது. முதல் சில நாட்களில், அதிலும் ராத்திரியில் அதிகம் வரும். பெரும்பாலோருக்கு சரியாகிவிடும், ஆனால் காரணத்தைத் தேட வேண்டும். சோடியம் குறைந்திருக்கிறதா, சிறுநீரில் தொற்றா, மலச்சிக்கலா, வலி அடங்கவில்லையா, டிரமடால் என்ற வலி மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேளுங்கள். பிபிக்கு நீர் மாத்திரை எடுத்துக்கொண்டு, உப்பையும் குறைத்துச் சாப்பிட்டவருக்குச் சோடியம் சட்டென்று சரியும். தினமும் மது குடித்துக்கொண்டிருந்தவர் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். திடீரென நிறுத்தினால் வரும் குழப்பத்துக்குச் சிகிச்சையே வேறு.

கண்ணாடியையும் காது கருவியையும் மாட்டிவிடுங்கள். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வர விடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து, “இது ஆஸ்பத்திரி, இன்றைக்கு வியாழக்கிழமை, அம்மா நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று சாந்தமாகச் சொல்லட்டும். கையைக் கட்டிப்போடுவதும் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும் நிலைமையை மோசமாக்கும். முகம் கோணுவது, ஒரு கை விழுந்துவிடுவது, எழுப்பினாலும் எழாமல் இருப்பது வேறு விஷயம், உடனே சொல்ல வேண்டும்.

வாக்கரை எப்படிப் பிடிப்பது? படி ஏறுவது எப்படி?

நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் வாக்கரின் கைப்பிடி இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கூன் போட்டு நடப்பார், உயரமாக இருந்தால் தோள் வலிக்கும். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் செய்த கால், கடைசியில் நல்ல கால். குதிகால் முதலில் தரையில் பட வேண்டும். திரும்பும்போது ஆபரேஷன் செய்த காலை ஊன்றிச் சுழலக் கூடாது, சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்துத் திரும்ப வேண்டும்.

நாற்காலியிலிருந்து எழ: ஓரத்துக்கு நகர்ந்து வந்து, ஆபரேஷன் செய்த காலைக் கொஞ்சம் முன்னே நீட்டி, நாற்காலியின் கைகளை அழுத்தி எழுந்த பிறகுதான் வாக்கரைப் பிடிக்க வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது ஆள்மேல் சாயும்.

படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கூட வருபவர் ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது முன்னாலும் நிற்க வேண்டும். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறியதும், தடி ஆபரேஷன் செய்யாத பக்கக் கையில். ஏறக்குறைய எல்லோருமே முதலில் மாற்றிப் பிடிப்பார்கள். எதிர்ப்பக்கம் பிடித்தால்தான் இடுப்புத் தசையின் சுமை குறையும்.

எப்படியெல்லாம் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது?

பிட்டத்தின் பின்பக்கம் வெட்டிச் செய்திருந்தால் முதல் 6 முதல் 12 வாரம் மூன்று அசைவுகள் ஆகாது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது ஒன்று. கால் மேல் கால் போடுவது, அதாவது ஆபரேஷன் செய்த கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டுவது இன்னொன்று. பாதத்தை உள்பக்கமாகத் திருப்புவது மூன்றாவது. இவை சேர்ந்து வரும்போது பந்து கிண்ணத்திலிருந்து நழுவும். வெட்டிய தசைகளும் மூட்டுறையும் ஆறி இறுகும்வரைதான் இந்த அபாயம் அதிகம்.

வீட்டில் இது எங்கே நடக்கும் என்று பாருங்கள். கீழே விழுந்த கண்ணாடிக் கூட்டை நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து எடுப்பது. காலடியில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பது. கொலுசைச் சரிசெய்வது. தாழ்வான கமோடிலிருந்து முன்னால் சாய்ந்து எழுவது. ராத்திரி தூக்கத்தில் ஒருக்களித்து, மேல் கால் முன்னால் விழுவது. கடைசிக்கு மருந்து தலையணைதான்: மல்லாந்து படுத்தாலும் ஒருக்களித்தாலும் இரு முழங்கால்களுக்கு நடுவே கெட்டியான தலையணை, ஆறு வாரம். ஆபரேஷன் செய்த பக்கமாகப் படுப்பதைப் புண் ஆறிய பிறகு மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

முன்பக்கமாகச் செய்திருந்தால் கட்டுப்பாடு குறைவு. காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதை மட்டும் தவிர்க்கச் சொல்வார்கள். எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு எழுதி வாங்குங்கள்.

திடீரென ‘மளுக்’ என்று உணர்ந்து, தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகிப் பாதம் திரும்பிவிட்டது, ஊன்ற முடியவில்லை என்றால் மூட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். வாயில் எதுவும் கொடுக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயக்கம் கொடுத்துத்தான் திரும்பப் போட முடியும்.

பருப்பு, முட்டை, மீன் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?

பிடிக்காது. நம் ஊரில் பெரியவர்கள் தேறாமல் போவதற்கு இந்தப் பத்தியம் ஒரு பெரிய காரணம். பத்து நாள் ரசம் சாதமும் ரொட்டியும் பாலும் கொடுத்து, பிறகு ஏன் காலில் பலமில்லை என்று கேட்கிறார்கள். புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது இந்தக் காலத்துக்கான கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம்.

ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 முதல் 9 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் கிடைக்கும். சைவக்காரர்கள் சுண்டல், பனீர், தயிர், சோயா என்று வேளைதோறும் ஒன்றைச் சேர்த்தால்தான் கணக்கு எட்டும். பல் இல்லாதவருக்குச் சுண்டலை மசித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வலி மருந்தால் மலம் இறுகும். முக்கி முக்கி உட்காருவது மூட்டுக்கும் இதயத்துக்கும் நல்லதல்ல. தண்ணீர், கீரை, வாழைப்பழம் போதாவிட்டால் மூன்றாம் நாளே மலமிளக்கி கேளுங்கள்.

வலி எத்தனை நாள் இருக்கும்?

பழைய மூட்டு வலி முதல் சில நாட்களிலேயே போய்விட்டது என்று பலர் சொல்வார்கள். வெட்டிய இடத்தின் வலி இரண்டு மூன்று வாரத்தில் குறையும், வீக்கம் மூன்று மாதம் வரை சாயங்காலங்களில் எட்டிப்பார்க்கும். வலி தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரை போடுவதைவிட, முதல் இரண்டு வாரம் பாரசிட்டமாலை நேரப்படி கொடுப்பது பலன் தரும். மெலிந்த பெரியவர்களுக்கு நாளுக்கு நான்கு 650 மி.கி. மாத்திரைக்கு மேல் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு நீவுவது கூடாது.

தையல், குளியல், புண்?

தையலோ ஸ்டேப்ளர் கம்பியோ 12 முதல் 14 நாளில் எடுக்கப்படும். அதுவரை புண் நனையாமல் உடம்பைத் துடைத்துவிடுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் புண்மேல் படக் கூடாது. முதல் மூன்று நாளில் லேசான காய்ச்சல் வருவது சகஜம்.

ஐந்து நாளுக்குப் பிறகும் புண்ணிலிருந்து கசிவு, பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால், தெருமுனை மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. கிருமி உலோகத்தின் மேல் வழவழப்பான ஒரு படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். மாத்திரை வெளித் தோற்றத்தை மட்டும் ஆற்றும், எந்தக் கிருமி என்று பரிசோதனையில் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே அன்றே போங்கள். முதல் சில வாரங்களில் பிடிபட்டால் கழுவிச் சுத்தம் செய்து மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தாமதித்தால் மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எத்தனை நாள்?

வழக்கமாக 28 முதல் 35 நாள். ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். நன்றாக நடக்கிறாரே என்று பாதியில் நிறுத்துவது தவறு. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு பத்து முறை பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் ஆம்புலன்ஸ்.

வீட்டில் என்ன பயிற்சி?

முதல் வாரம்: முழங்காலைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, பிட்டத்தை இறுக்கி விடுவது, குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து முழங்காலை மடக்குவது, காலைப் பக்கவாட்டில் நகர்த்துவது. ஒவ்வொன்றும் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பிறகு சமையல் மேடையைப் பிடித்து நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பிட்டத்தின் பக்கத் தசை பலவீனமாக இருந்தால்தான் நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. நிற்கும்போது உடம்பை வளைக்காமல், கால் ஒரு சாண் உயர்ந்தாலே போதும்.

நடையை ஒரே தடவையாக நீட்டாமல், வீட்டுக்குள் ஐந்து நிமிடம், நாளுக்கு ஐந்தாறு முறை என்று தொடங்கிக் கூட்டுங்கள். ராத்திரி கால் வீங்கி வலித்தால் அன்று கூடிவிட்டது, மறுநாள் கொஞ்சம் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

ஆபரேஷன் செய்த கால் நீளமாகிவிட்டது போலிருக்கிறது.

வருடக்கணக்கில் வலியால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து இறுகியிருக்கும். மூட்டு சரியானதும் அந்தச் சாய்வு கால் நீண்டுவிட்டதாகத் தோன்றவைக்கும். தசைகள் தளர மூன்று மாதம் கொடுங்கள், அதற்கு முன் செருப்பில் தக்கை ஒட்டாதீர்கள். உண்மையாகவே சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பதும் உண்டு, பெரும்பாலோருக்கு அது பழகிவிடும்.

எப்போது பஸ், ஸ்கூட்டர், கோயில், தரையில் உட்காருவது?

காரில் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, முதலில் பிட்டத்தை வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பை விரித்தால் வழுக்கித் திரும்ப எளிது. கார் ஓட்டுவது ஆறு வாரத்துக்குப் பின், மருத்துவர் பார்த்த பிறகு. உயரமான படி உள்ள டவுன் பஸ்ஸும் ஸ்கூட்டரின் பின் இருக்கையும் மூன்று மாதம் காத்திருக்கட்டும். கோயிலில் சுற்றி வரலாம், விழுந்து கும்பிடுவதை விட்டுவிடுங்கள். தொழுகையையும் ஜெபத்தையும் நாற்காலியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மணம் சிலருக்குப் பிற்காலத்தில் முடியும், மூட்டின் வகையையும் வெட்டிய பக்கத்தையும் பொறுத்து மருத்துவர் சொல்வார். குந்தி உட்காரும் கழிப்பறைக்குத் திரும்ப வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

செலவு? அரசு உதவி கிடைக்குமா?

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. காப்பீட்டு அட்டையோடு ஆஸ்பத்திரியில் உள்ள திட்ட அலுவலரைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், பணம் கட்டிச் செய்துவிட்டுப் பிறகு கேட்டால் சிக்கல். தனியார் காப்பீடு உள்ளவர்கள் மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை ஆண்டு என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும்?

2019-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, முழு இடுப்பு மூட்டுகளில் 58 சதவீதம் 25 ஆண்டுவரை தாங்குகின்றன. 70 வயதில் செய்துகொள்பவருக்குப் பெரும்பாலும் அதுவே வாழ்நாளுக்குப் போதும்.

பொருத்திய மூட்டின் பெட்டியிலிருந்து நிறுவனம், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்களை எடுத்து ஆஸ்பத்திரிப் பதிவில் ஒட்டுவார்கள். ஒரு பிரதியை டிஸ்சார்ஜ் சம்மரியோடு கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 2010-இல் டிப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றபோது, தன் உடம்பில் இருப்பது எது என்று அறிய இந்தத் தாள் இருந்தவருக்கு வழி சுலபம். பின்னால் மறு ஆபரேஷன் தேவைப்பட்டாலும் மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

விழுந்து முறிந்ததற்காகச் செய்தோம், நன்றாக நடக்கிறார். இனி மருந்து எதுவும் வேண்டாமா?

வேண்டும், அநேகமாக எல்லோரும் விட்டுவிடும் இடம் இது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால் எலும்பு பஞ்சுபோல் ஆகியிருக்கிறது. மாற்றியது ஒரு பக்கம், மறுபக்க இடுப்பும் மணிக்கட்டும் முதுகெலும்பும் அதே நிலையில்தான் இருக்கின்றன. வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றோடு, வாரம் ஒருமுறை 70 மி.கி. அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, ஆண்டுக்கு ஒருமுறை 5 மி.கி. சோலெட்ரோனிக் அமில ஊசியோ தேவையா என்று தையல் பிரிக்கப் போகும் அன்றே கேளுங்கள். ஊசிக்கு முன் கிரியாட்டினினும் வைட்டமின் டி அளவும் பார்க்க வேண்டும், பல்லில் பிடுங்க வேண்டியது இருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். மாத்திரை என்றால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

ஏன் விழுந்தார் என்பதையும் பாருங்கள். கண்புரை முற்றியிருக்கலாம், தூக்க மாத்திரையாக இருக்கலாம், எழுந்து நிற்கும்போது பிபி சரிவதாக இருக்கலாம். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற ஒன்றாம், மூன்றாம் நிமிடத்திலும் பிபி பார்த்தால் தெரிந்துவிடும். மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் குறைந்தால் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.